உழவு இயந்திரத்தின் மின்னிணைப்பிகளை இனங்கண்டு வாங்கும் முறை

நெல்லையோ மரக்கறியையோ ஏற்றிச் செல்லும் இழுவைப்பெட்டி விளக்கின்றி இரவில் வீதியில் ஓடுவது, அதனைச் செலுத்துபவருக்கும் பின்னே வருபவருக்கும் ஒருங்கே ஆபத்தை விளைவிக்கும். இதனை அறிந்த கமக்காரர் பலர் தம் உழவு இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் புதிய விளக்குகளைத் தாமாகவே பொருத்திக்கொள்கின்றனர். இம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும், நல்ல விளக்கையும் நல்ல வயரையும் பணங்கொடுத்து வாங்கிய பின்னர், இரண்டையும் தொடுக்கும் சிறு இணைப்பியைக் கவனியாது விடுவதால் அம்முயற்சி பலவிடத்தும் வீணாகின்றது.

கடந்த காலபோக அறுவடையின்போது எமது பிரிவிலுள்ள கமக்காரர் ஒருவர் தம் பழைய பிரித்தானிய உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு ஏழு வயர்களைக் கொண்ட புதிய வடம் ஒன்றை வாங்கினார். வெள்ளையை வெள்ளையுடனும் கறுப்பைக் கறுப்புடனும் முறுக்கி, காப்புநாடாவைச் சுற்றினார். சாவியைத் திருப்பியதும் ஆசனத்தின் கீழிருந்து புகை எழுந்தது. வயரின் காப்புறை கருகிற்று. நெல் களத்திற் கிடந்தமையால் அன்றிரவு விளக்கின்றியே பெட்டியைக் கொண்டு சென்றார். பின்னே மோட்டார்ச் சைக்கிளில் வந்தவர் மோதுந் தறுவாயில் விலகித் தப்பினார். நிறத்தை நிறத்தோடு சேர்த்தவரிடத்து என்ன தவறு நேர்ந்தது என்பதைக் கீழே காண்போம்.

பழுது தோன்றும் இடம்

வாகன மின்சுற்றில் வயர் நடுவே அறுவது அரிது. வயர் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்திலேயே பழுது பெரும்பாலும் உண்டாகின்றது. சேற்றுநீரும் ஈரமும் அவ்விடத்திற் புகுந்து செம்பைப் பச்சை நிறமாக்குகின்றன. பசளை ஏற்றும் பெட்டிகளில் பசளைத் தூளும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை மேலும் விரைவாக அரிக்கும். இயந்திரத்தின் அதிர்வினால் முறுக்கிய கம்பிகள் தளர்ந்துபோகும்.

தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைத் தடுப்பதோடு வெப்பத்தையும் உண்டாக்கும். ஓர் இணைப்பின் தடை 0.1 ஓம் எனவும், அதனூடே 9 அம்பியர் ஓடுகின்றது எனவும் கொள்வோம். அவ்விடத்தில் ஏறக்குறைய 8 வாற்று வெப்பமாகின்றது. சாதாரண பின்விளக்கின் குமிழ் 5 வாற்று மட்டுமே. அதனினும் மிகுந்த வெப்பம் விரல் நுனியளவான இடத்தில், வைக்கோற்றூள் படிந்த நிலையில் உண்டாகுமாயின் விளைவு யாதெனக் கூறவேண்டுவதில்லை.

இணைப்பி வகைகள்

நம் வயல்களில் ஓடும் இயந்திரங்களிற் காணப்படும் இணைப்பிகளைப் பெரும்பாலும் நான்கு வகையுள் அடக்கலாம்.

1. தட்டை முனை: தகடு போன்ற ஆண் பாகம், அதனைக் கவ்வும் பெண் பாகம் என்ற இரு பாகங்களை உடையது. விளக்கு, ஆளி, ரிலே ஆகியவற்றில் மிகுதியாகக் காணப்படும். தகட்டின் அகலத்தைக் கொண்டே இதனை இனங்காணல் வேண்டும். 6.3, 4.8, 2.8 மில்லிமீற்றர் என்பன வழக்கமான அகலங்கள். இவற்றுள் 6.3 மில்லிமீற்றரே பெருவழக்கு. பழைய கடைக்காரர் இதனைக் கால் அங்குலம் என்பர்.

2. குண்டு முனை: உருளையான நுனியை உடையது, கடைகளில் 'புல்லட்' எனக் கேட்டாற் கிடைக்கும். பழைய பிரித்தானிய உழவு இயந்திரங்களில் உள்ளது 4.7 மில்லிமீற்றர் விட்டமுடையது. இறப்பர் உறையுள்ள பித்தளைக் குழாயினுள் இருபுறமும் இருந்து செருகப்படும். ஜப்பானிய மோட்டார்ச் சைக்கிள் முதலியவற்றில் உள்ளது ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் விட்டமுடையது. இவை பார்வைக்கு ஒத்திருப்பினும் ஒன்றுக்கொன்று பொருந்தா. சிறியதைப் பெரிய குழாயிற் செருகினால் முதல்நாள் விளக்கு எரியும். பின்னர் அதிர்விற் கழன்றுவிடும்.

3. நீர்புகா இணைப்பி: அறுவடை இயந்திரங்களிலும் புதிய உழவு இயந்திரங்களிலும் உள்ளது. பிளாத்திக்குக் கூட்டினுள் முனைகள் இருக்க, வயர் நுழையும் துளைகளையும் இரு பாகங்கள் சேரும் இடத்தையும் இறப்பர் அடைப்புகள் காக்கும். 'டொச்' எனப்படும் வகை இதற்கு உதாரணமாகும். அதன் டீ.ரீ. வரிசையில் 2, 3, 4, 6, 8, 12 முனைகள் கொண்டவை உண்டு. வழக்கமான முனை ஒன்று 13 அம்பியர் வரை தாங்கும்.

4. ஏழு முனைச் செருகியும் குதையும்: உழவு இயந்திரத்தையும் இழுவைப்பெட்டியையும் தொடுப்பதற்கான வட்ட வடிவ இணைப்பி. இதனைத் தனியே விளக்குவோம்.

ஏழு முனையும் ஏழு நிறமும்

12 வோல்ற்று வாகனங்களுக்கான இவ்விணைப்பி ஐ.எஸ்.ஓ. 1724 என்னும் சர்வதேச நியமத்தைச் சார்ந்தது. முனைகளின் இலக்கங்கள் கூட்டின் உட்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் ஒழுங்கும் வட வயர்களின் வழக்கமான நிறங்களும் வருமாறு:

முனை 1 – இடது சைகை விளக்கு – மஞ்சள்
முனை 2 – பனிமூட்ட விளக்கு – நீலம்
முனை 3 – புவியிணைப்பு (ஏர்த்) – வெள்ளை
முனை 4 – வலது சைகை விளக்கு – பச்சை
முனை 5 – வலது பின்விளக்கு – கபிலம்
முனை 6 – தடுப்பு விளக்கு – சிவப்பு
முனை 7 – இடது பின்விளக்கு – கறுப்பு

இனி, மேலே கூறிய தவறு விளங்கும். பெட்டி வடத்தில் வெள்ளையே புவியிணைப்பு. பழைய பிரித்தானிய இயந்திரங்களிலோ புவியிணைப்பு கறுப்பாகும். அவற்றில் வெள்ளை, சாவி ஆளியிலிருந்து மின்னைக் கொண்டுவரும் வயர். அது உருகியினூடாகச் செல்லாதது. வெள்ளையை வெள்ளையுடன் தொடுத்தபோது மின்னோட்டம் விளக்கை அடையாது நேரே பெட்டியின் இரும்புக்குச் சென்றது. தடுப்பதற்கு உருகி இன்மையால் வயரே எரிந்தது.

ஆகவே நிறத்தை நம்பற்க. பயனை அறிந்தே தொடுத்தல் வேண்டும். சோதனை விளக்கொன்றின் ஒரு முனையை இயந்திரத்தின் உடலிற் பிடித்து, மறுமுனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டு, எந்த ஆளியைப் போடும்போது எது மின் பெறுகின்றது என்று பார்த்து, காகிதத் துண்டிற் குறித்து ஒட்டிக்கொள்க. இதற்கு அரை மணி நேரம் போதும்.

பாரவூர்திகளுக்கான 24 வோல்ற்று ஏழு முனை இணைப்பியும் உண்டு. அது தோற்றத்தில் இதனை ஒத்ததாயினும் முனை ஒழுங்கு வேறு. வாங்குமுன் 12 வோல்ற்று என்ற குறியைப் பார்க்க.

வாங்குவதற்கு முன் அறியவேண்டியன

கடைக்காரரிடம் "உழவு இயந்திரத்துக்கு ஒரு கொனெக்ரர்" என்று கேட்பது, மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ஒரு மருந்து" என்று கேட்பதைப் போன்றது. பின்வரும் ஐந்தையும் குறித்துக்கொண்டு செல்க.

1. முனைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்துள்ள வரிசையும்.
2. தட்டை முனையாயின் அகலம். குண்டு முனையாயின் விட்டம். வேணியர் இடுக்கிமானி இல்லாதவர் பழைய முனையையே கொண்டு செல்க.
3. கூட்டின் மேலுள்ள எழுத்தும் இலக்கமும். சேற்றைத் துடைத்துச் சாய்ந்த வெளிச்சத்திற் பார்த்தால், உற்பத்தியாளரின் அடையாளமோ பாக இலக்கமோ தென்படலாம்.
4. தேவையானது ஆண் பாகமா, பெண் பாகமா, இரண்டுமா என்பது.
5. ஓடும் மின்னோட்டமும் வயரின் பருமனும்.

மின்னோட்டத்தைக் கணித்தல் எளிது. வாற்றை வோல்ற்றினால் வகுக்க. 55 வாற்று வேலை விளக்கு ஒன்று 12 வோல்ற்றில் ஏறக்குறைய 4.6 அம்பியர் எடுக்கும். இரண்டு விளக்குகள் 9.2 அம்பியர் எடுக்கும். இவ்விரண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 15 அம்பியர் உருகியும் பொருத்தமானவை. பெட்டியிலுள்ள 21 வாற்றுத் தடுப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 3.5 அம்பியரே எடுப்பதால் அவற்றுக்கு 1 சதுர மில்லிமீற்றர் போதும். ஆனால் பெட்டியின் எல்லா விளக்குகளினதும் மின்னோட்டம் புவியிணைப்பு வயரினூடாகவே திரும்புவதால், அதனை மாத்திரம் பருமனாகப் போடுக. கொழுக்கியின் இரும்பைப் புவியிணைப்பாக நம்புதல் தவறு. துருவும் கிறீசும் அதனைத் தடுக்கும்.

காப்புறையிட்ட முனைகளின் நிறமும் பருமனைக் காட்டும்: சிவப்பு 0.5 முதல் 1.5 வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 சதுர மில்லிமீற்றர் வரை.

எங்கே பெறலாம்

தட்டை முனை, குண்டு முனை, ஏழு முனைச் செருகி ஆகியன பட்டினங்களிலுள்ள வாகன உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கும். அங்கு கிடையாதவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம். அறுவடை இயந்திரத்தின் நீர்புகா இணைப்பிக்கு, பாகப் புத்தகத்திலுள்ள இலக்கத்தை முகவரிடம் கொடுத்துக் கேட்பதே நேர்வழி.

கைவிடப்பட்ட வாகனத்தின் வயர்க்கட்டிலிருந்தும் இணைப்பியைப் பெறலாம். அவ்வாறு பெறும்போது ஒரு சாண் நீள வயருடனும் மறுபாகத்துடனும் சேர்த்து வெட்டித் தரும்படி கேட்க. பச்சை படிந்ததும் வெப்பத்தாற் பழுப்பேறியதும் இலவசமாகக் கிடைப்பினும் வேண்டாம். புதியதாயின் இரு பாகங்களையும் கடையிலேயே பூட்டிப் பார்க்க; பூட்டும்போது 'கிளிக்' என்ற ஓசை கேட்டல் வேண்டும். அறுவடைக் காலத்துக்கு முன்னரே ஒன்றிரண்டை மேலதிகமாக வாங்கி வைப்பவர், இயந்திரம் வயலில் நிற்க ஒரு நாளை இழக்கமாட்டார்.

பொருத்தும் முறை

1. முதலில் மின்கலவடுக்கின் புவியிணைப்பு முனையைக் கழற்றுக. பழைய பிரித்தானிய இயந்திரங்கள் பலவற்றில் நேர்முனையே உடலுடன் தொடுக்கப்பட்டிருக்கும். எல்.ஈ.டி. விளக்குப் பொருத்துவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். முனை மாறினால் அவ்விளக்கு எரியாது, பழுதடையவும் கூடும்.
2. இறப்பர் அடைப்பையும் உறையையும் முதலில் வயரிற் கோத்த பின்னரே முனையைப் பொருத்துக.
3. முனையை அதற்குரிய நெரிகுறட்டினால் நெரிக்க. சுத்தியலாலும் சாதாரண குறட்டாலும் தட்டையாக்கிய முனை அதிர்விற் கழலும். நெரித்தபின் கையால் இழுத்துப் பார்க்க.
4. நீர்புகா இணைப்பியிற் பயன்படாத துளைகளை அதற்குரிய அடைப்பானால் மூடுக. திறந்த ஒரு துளையினூடாக வரும் நீர் எல்லா முனைகளையும் கெடுக்கும்.
5. புதிய சுற்றின் உருகியை மின்கலவடுக்கின் அருகில் வைக்க. எரிந்த உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை ஒருபோதும் இடற்க.
6. விளக்குகளை எரியவிட்டு, பல்மானியால் இணைப்பின் இரு பக்கங்களுக்குமிடையே அளக்க. 0.2 வோல்ற்றுக்கு மேற்படின் அவ்விணைப்பை மீண்டும் செய்க.

இருசக்கர உழவு இயந்திரங்களிற் சிலவற்றில் மின்கலவடுக்கு இல்லை; சில்லுருளையுடன் சுழலும் மின்னாக்கியே விளக்குக்கு ஆடலோட்ட மின்னைத் தரும். இயந்திரத்தின் வேகத்துக்கேற்ப அதன் வோல்ற்று மாறும். அதில் எல்.ஈ.டி. விளக்கை நேரடியாகத் தொடுக்காது, சீராக்கியும் ஒழுங்காக்கியும் சேர்ந்த கருவியினூடாகத் தொடுத்தல் வேண்டும்.

முடிவுரை

ஓர் இணைப்பியின் விலை, அது காக்கும் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது. உயிரோடு ஒப்பிடவே இயலாது. அளந்து வாங்குக, பயனறிந்து தொடுக்க, நெரித்துப் பொருத்துக. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் எல்லா இணைப்பிகளையும் கழற்றித் துடைத்துப் பார்க்க. பின்விளக்கு அணைந்துபோகும் நாளிலும் பெட்டி கண்ணுக்குத் தெரியுமாறு சிவப்பு ஒளிதெறிப்பான்களை அதன் பின்புறத்தில் இருபக்கமும் பொருத்தி வைக்க. ஐயம் உளதாயின் தேர்ந்த வாகன மின்வினைஞர் ஒருவரையோ உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரையோ நாடுக.