மலையடிவாரத்துச் சிற்றாலயம்

இத்தாலியின் அசிசி நகருக்குப் போகும் யாத்ரீகர்கள் பலர் நேரே மலையேறி, புனித பிரான்சிஸின் கல்லறையை வணங்கித் திரும்பிவிடுகிறார்கள். பிரான்சிஸ்கன் சபை பிறந்ததோ அடிவாரத்தில், போர்சியுங்கோலா என்ற சிற்றாலயத்தில். இடிந்து கிடந்த அதன் கற்சுவர்களைத் தம் கையாலேயே செப்பனிட்டார் பிரான்சிஸ். 1212-இல் அவரைப் பின்பற்றிய கிளாரா துறவு பூண்டது இங்கேதான். 1226-இல் மரணம் நெருங்கியபோது, தம்மை இங்கே தூக்கிவரச் சொல்லி, இங்கேயே உயிர்விட்டார் பிரான்சிஸ். ஆகவே பயணத்தை அடிவாரத்தில் தொடங்குவதே முறை.

ஏழ்மையைப் போதித்தவரின் ஆலயத்தைச் சுற்றி 126 மீட்டர் நீளத்துக்கு ஒரு பேராலயமா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1569-இல் அதைக் கட்டத் தொடங்கியது, திரளும் யாத்ரீகர்களுக்குச் சிற்றாலயத்தில் இடம் போதாததால். 1832 நிலநடுக்கத்தில் பேராலயத்தின் நடுக்கூடம் இடிந்தது; சிற்றாலயம் தப்பியது. ஏழ்மைக்குச் சான்று தேடுவோர் கட்டடத்தின் அளவைப் பார்ப்பதைவிட, அதை யார் உரிமை கொண்டாடினார்கள் என்று பார்க்கலாம். சிற்றாலயம் அன்று ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் சொத்தாக இருந்தது. பிரான்சிஸ் அதைத் தமக்கென ஏற்க மறுத்து, ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை வாடகையாக அனுப்பினார் என்கின்றன பழைய வரலாறுகள்.