ரயில்வேக்காரர் வீட்டுப் பலகைகள்

திரைக்கு வந்த தத்துவங்கள் – 14

எங்கள் வீட்டு வாசலில் ஒரு தேக்கு பெஞ்சு கிடக்கிறது. செகந்திராபாத்தின் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்பா தச்சராக இருந்த காலத்தில், கழித்துக்கட்டிய மரப்பெட்டிகளின் பலகைகளை ஏலத்தில் எடுத்து அவர் கையாலேயே செய்தது. பலகைகளில் வரிசையாகப் பழைய திருகாணித் துளைகள். சிலவற்றை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருக்கிறார். நாலைந்தை அப்படியே விட்டுவிட்டார். சிறுவயதில் அந்தத் துளைகளில் விரலை விட்டபடி, இந்தப் பலகையில் உட்கார்ந்து யார் யார் எந்த ஊருக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் ‘வால்டன்’ நூலை நான் முதன்முதலில் படித்தது இந்த பெஞ்சில்தான். அதில் ஓரிடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தோரோ தன் குடிசையைக் கட்டிய பலகைகளும் ஒரு ரயில்வேத் தொழிலாளியிடமிருந்து வந்தவை.

1845ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற சிற்றூர். முந்தைய ஆண்டுதான் அந்த ஊருக்கு ஃபிட்ச்பர்க் ரயில் பாதை வந்திருந்தது. அந்தப் பாதையில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் ஜேம்ஸ் காலின்ஸ். அவருடைய குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு தோரோ விலைக்கு வாங்கிப் பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைச் சின்ன வண்டியில் ஏற்றி, வால்டன் குளத்தங்கரைப் புல்லில் பரப்பி வெயிலில் காயவைத்தார். ஜூலை 4 அன்று குடியேறினார். அப்போது அவருக்கு 28 வயது நிறைய எட்டு நாள் பாக்கி. அகலம் 10 அடி, நீளம் 15 அடி. எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையும் ஏறக்குறைய அதே அளவுதான். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் புத்தகத்தில் கணக்கு எழுதியிருக்கிறார். சாக்கட்டிக்கு ஒரு சென்ட்.

தோரோவும் அவருடைய குரு ஸ்தானத்தில் இருந்த எமர்சனும் சேர்ந்த கூட்டத்தைத்தான் ‘டிரான்ஸென்டென்டலிஸ்ட்டுகள்’ என்கிறார்கள். கடந்தநிலைவாதிகள் என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். பெயர் மிரட்டுகிறது, விஷயம் நமக்குப் பழகியதுதான். சர்ச்சும் சட்டமும் ஊர்வழக்கமும் சொல்லித் தருவதைத் தாண்டி, உண்மையை நேராக அறிகிற ஆற்றல் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது. இயற்கையின் முன் அமைதியாக நின்றால் அது விழிக்கும். எல்லா உயிருக்குள்ளும் ஓடுவது ஒரே ஆன்மா. கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை எமர்சனும் தோரோவும் ஆழ்ந்து படித்தவர்கள். நம் வள்ளலார் தோரோவைவிட ஆறு வயது இளையவர். ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனாலும் இருவரையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது.

எமர்சன் 1836இல் ‘இயற்கை’ என்ற சிறுநூலை வெளியிட்டார். வெட்டவெளியில் நிற்கும்போது தன் ‘நான்’ கரைந்து, ஒளி ஊடுருவும் ஒரு கண்ணாகவே தான் மாறிவிடுவதாக அதில் ஓரிடம் வரும். கிறிஸ்டோபர் கிரான்ச் என்ற அவருடைய தோழர் அதைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துவிட்டார்: தொப்பி போட்ட ஒரு பெரிய கண்விழி, நீண்ட ஒல்லிக் கால்களோடு நடந்து போகிறது. மூன்றே ஆண்டுகளில், 1839இல், பாரிஸில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கண்ணாக மட்டுமே இருக்க ஆசைப்பட்ட ஒரு தத்துவம் ஒருநாள் கேமராவிடம் வந்து சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

(ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பால் ஷ்ரேடர் 1972இல் ஓசு, பிரெஸ்ஸான், டிரையர் என்ற மூன்று இயக்குநர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலும் ‘டிரான்ஸென்டென்டல்’ என்ற சொல் இருக்கிறது. அது வேறு. புனிதத்தைத் திரையில் உணர்த்தும் ஒரு பாணியைப் பற்றியது. கான்கார்ட்காரர்களோடு அதைச் சேர்க்க வேண்டாம்.)

இந்தத் தத்துவத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ரயில் ஓடியிருக்கிறது. லாலாகுடாவில் நிஜாம் ரயில்வே தன் ஒர்க்‌ஷாப்பை நிறுவியது 1893இல். அதே 1893, பிப்ரவரி 13. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில், சென்னையிலிருந்து ரயிலில் வந்திருந்த ஒரு இளம் துறவி ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில் பேசினார். தலைப்பு: மேற்கு நாடுகளுக்கு நான் ஏன் போகிறேன் என்பது. அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர். துறவி, விவேகானந்தர்.

மே மாதக் கடைசியில் அவர் பம்பாயில் கப்பலேறினார். அமெரிக்காவில் ரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் என்ற பெண்மணி அவரை மாசசூசெட்ஸில் இருந்த தன் பண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே அவரைச் சந்திக்க வந்தவர் கேட்டின் உறவினரான ஃபிராங்க் சான்பார்ன். கான்கார்டில் பள்ளி நடத்தியவர், தோரோவின் நண்பர், அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1882இல் எழுதியவர். செகந்திராபாத் மேடையிலிருந்து இறங்கிய ஏழாவது மாதத்துக்குள் விவேகானந்தர் தோரோவின் நண்பர் முன்னால் உட்கார்ந்திருந்தார்! 1897இல் திரும்பி வந்தபோது சென்னையில் ஒன்பது நாள் தங்கியது கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸில். அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியைச் சேமித்துவைக்கக் கட்டிய கட்டடம் அது. வால்டன் குளத்திலும் 1846–47 குளிர்காலத்தில் ஆட்கள் வந்து பனிக்கட்டி வெட்டினார்கள். அதைப் பார்த்து நின்ற தோரோ, தன் கிணற்று நீரை மதராஸில் குடிப்பார்கள் என்று கற்பனை செய்திருக்கிறார்.

சினிமாவுக்கு வருவோம். நம்மில் பலர் தோரோவின் பெயரை முதலில் கேட்டது பீட்டர் வெய்ரின் ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ (1989) படத்தில். குகைக்குள் கூடும் பள்ளி மாணவர்கள் தோரோவின் வரிகளை வாசித்துத்தான் கூட்டத்தைத் தொடங்குவார்கள். நல்ல படம். அடுத்து இயக்குநர் டெரன்ஸ் மாலிக். ஹார்வர்டில் தத்துவம் படித்தவர். அவருடைய ஆசிரியர் ஸ்டான்லி கேவல், சினிமாவைப் பற்றி 1971இல் ஒரு நூலும் ‘வால்டன்’ பற்றி 1972இல் ஒரு நூலும் எழுதியவர். மாலிக்கின் ‘தி தின் ரெட் லைன்’ (1998) போர்ப்படம். குண்டு பாயும் நேரத்தில் கேமரா ஒரு இலைமேல் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எல்லா மனிதருக்கும் ஒரே ஆன்மாதானோ என்று ஒரு சிப்பாயின் குரல் கேட்கும். எமர்சனின் ‘ஓவர் சோல்’ கட்டுரை (1841) எழுந்து நடப்பது போல இருக்கும். ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ படத்துக்கு 2011இல் கான் விழாவின் தங்கப்பனை கிடைத்தது.

தோரோவின் பெயரை இளைஞர்களிடம் மிகப் பரவலாகக் கொண்டுபோன படங்களில் ஒன்று ஷான் பென்னின் ‘இன்டு தி வைல்ட்’ (2007). உண்மைக் கதை. கிறிஸ் மெக்கேண்ட்லஸ் என்ற இளைஞர் சேமிப்பைத் தானம் செய்துவிட்டு, பெற்றோருக்குச் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறார். அலாஸ்காவின் காட்டில் கைவிடப்பட்ட 142ஆம் எண் பேருந்தில் தனியாக வாழ்ந்து, 1992 ஆகஸ்டில் 24 வயதில் இறக்கிறார். அவரோடு இருந்த புத்தகங்களில் ஒன்று ‘வால்டன்’.

இந்தப் படத்தை எங்கள் காலனி மாமா ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் தெரியாது என்பதால் வசனத்துக்கு வசனம் நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். படம் முடிந்தது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“அந்தப் பையன் ஏன் தம்பி, அவங்க அம்மாவுக்கு ஒரு கடுதாசி போடல?”

என்னிடம் பதில் இல்லை. மெக்கேண்ட்லஸ் வழியில் கிடைத்த நண்பர்களுக்கு அஞ்சலட்டை போட்டிருக்கிறார்; பெற்றோருக்கு ஒன்றுகூடப் போடவில்லை. பகிர்ந்தால்தான் மகிழ்ச்சி மெய் என்று அவர் கடைசியில் எழுதிவைத்த குறிப்பும் படத்தில் வருகிறது, அதை மறைக்காததற்காக ஷான் பென்னை மதிக்கிறேன். ஆனால் பார்த்த இளைஞர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் குறிப்பையா, அந்தப் பேருந்தையா? பேருந்தைத் தேடிப் போய்ச் சிலர் ஆற்றில் உயிரிழந்தார்கள். 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்து அதை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

தோரோ எங்கும் ஓடிப்போகவில்லை. நான் இந்த வாரம் அழுத்திச் சொல்ல வந்தது இதுதான். குடிசை இருந்தது ஊரிலிருந்து ஒன்றரை மைலில், எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில். குடிசையில் மூன்று நாற்காலிகள். ஒரே சமயத்தில் 25, 30 பேர் வந்து நின்ற நாளும் உண்டு. வரி கட்ட மறுத்ததற்காக 1846 ஜூலையில் அவரைப் பிடித்து ஓரிரவு சிறையில் வைத்தார்களே, அன்று அவர் ஊருக்குள் போனது எதற்கு? செருப்பு தைப்பவரிடம் கொடுத்திருந்த காலணியை வாங்கிவர. குளத்தின் ஓரமாகவே ரயில் போயிற்று. தண்டவாளக் கரைமேல் நடந்துதான் ஊருக்குப் போவார். தினமும் பார்த்துப் பழகியதில் சரக்கு வண்டிக்காரர்கள் தன்னையும் ரயில்வே ஆள் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எழுதியிருக்கிறார். லாலாகுடாவில் வளர்ந்த எனக்கு, வண்டிச் சத்தம் கேட்கும் இடத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் உலகத்தைக் கவனித்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

இதைப் புரிந்துகொண்ட படைப்பாளி ஜோனாஸ் மேக்கஸ். லிதுவேனியாக்காரர். போர்க்காலத்தில் நாஜிகளின் கட்டாய உழைப்பு முகாம், பிறகு அகதி முகாம், 1949இல் நியூயார்க். வந்த புதிதிலேயே போலெக்ஸ் கேமரா ஒன்றை வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் துண்டு துண்டாகப் படம்பிடித்தார். நண்பர் வீட்டுக் கல்யாணம், தெருவில் விழும் பனி, சென்ட்ரல் பார்க்கில் குளிர்காலம், சாப்பாட்டு மேசை. அவற்றைக் கோத்து 1969இல் வெளியிட்ட மூன்று மணி நேரப் படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘வால்டன்’. மரம் நட்ட தெருவும் நாலு நண்பர்களும் இருந்தால் நகரத்திலேயே வால்டன் உண்டு என்று காட்டிய படம். ஊரை இழந்தவருக்கு மறுபடி ஓடத் தோன்றாது. வந்து நின்ற இடத்தை உற்றுப் பார்க்கத்தான் தோன்றும். என் மதிப்பில், தோரோவின் பேரைச் சொல்லி எடுத்த படங்களில் இதற்கு மேலானது இல்லை.

தோரோவின் இன்னொரு பாதி அரசை எதிர்த்து நின்றது. வரி மறுத்துச் சிறை போனதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை காந்தியை எட்டி, 1907இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் சுருக்கமாக வெளிவந்தது. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை நிரப்பியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். தோரோ உள்ளே இருந்தது ஓரிரவு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல். உடல் நலிந்து வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, தன் பதினாறாவது பிறந்தநாளில் இறந்துபோனார். அந்த ஆண்டுகளின் காந்தியைப் பற்றி ‘தி மேக்கிங் ஆஃப் தி மஹாத்மா’ (1996) எடுத்தவர் ஷியாம் பெனகல். லாலாகுடாவிலிருந்து சில மைல்களில் இருக்கும் திருமலகிரியில் 1934இல் பிறந்தவர், ஸ்டூடியோ வைத்திருந்த புகைப்படக்காரரின் மகன். அவருடைய ‘அங்குர்’ (1974) படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு சிறுவன் பண்ணையார் வீட்டு ஜன்னல்மேல் கல்லெறிவான். அந்தப் படத்துக்கும் கான்கார்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்ல மாட்டேன். பெனகல் தன் மண்ணிலேயே நின்று பார்த்தார் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

மறுபடி அந்தப் பலகைகள். காலின்ஸ் குடும்பம் காலை ஐந்து மணிக்குக் குடிசையைக் காலி செய்ய வேண்டும், ஆறு மணிக்கு அது தோரோவுக்குச் சொந்தம் என்பது பேச்சு. ஆறு மணிக்கு தோரோ அவர்களை வழியில் பார்த்தார். ஒரே பெரிய மூட்டை. அதற்குள் படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி, கண்ணாடி, கோழிகள் என்று அவர்களுடைய மொத்தக் குடித்தனமும் இருந்தது. அந்தக் குடிசையிலேயே பிறந்த ஒரு கைக்குழந்தையும் அவர்களுக்கு இருந்தது. பூனை மட்டும் வராமல் காட்டுக்குள் ஓடிவிட்டது. பின்னாளில் யாரோ வைத்த பொறியில் மாட்டிச் செத்தது. பூனைக்கு என்ன ஆயிற்று என்பதுவரை புத்தகத்தில் இருக்கிறது. மூட்டையோடு நடந்துபோன அந்த ரயில்வேக் குடும்பம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அதில் இல்லை. தோரோவை நினைத்து எடுத்த படங்களில் நான் பார்த்த எதிலும் அவர்கள் இல்லை.

(தொடரும்)