யாருடைய வானொலி?

பொது ஒலிபரப்பு என்றால் அரசாங்க வானொலி என்றே நம்மிற் பலர் விளங்கிக்கொள்கிறோம். வேறு சிலர், நமது மொழியில் ஒரு நிலையம் வந்துவிட்டால் உரிமை கிடைத்துவிட்டது என்கிறார்கள். வளைகுடாவின் வானொலிகளைக் கவனித்தால் இவ்விரண்டும் போதாதென்பது தெரியவரும்.

டுபாயில் ஹிட் 96.7 மலையாளத்திலும் சிட்டி 101.6 இந்தியிலும் ஒலிபரப்பாகின்றன. இவற்றை நடத்தும் நிறுவனம் டுபாய் அரசுடன் பிணைந்த டுபாய் ஹோல்டிங் குழுமத்தைச் சேர்ந்தது. ஆயினும் இவை வணிக வானொலிகள், விளம்பரத்தை நம்பியிருப்பவை. விளம்பரதாரருக்குத் தேவை வாங்கும் சக்தியுள்ள காதுகள். இங்கு வந்த தமிழ்ப் பண்பலைகளும் இந்தச் சந்தைக் கணக்கில் வந்தவையே.

குவைத்தின் அரச வானொலி உருது, பாரசீகம், பிலிப்பினோ மொழிகளில் ஒலிபரப்பியிருக்கிறது. கட்டாரின் அரச வானொலிக்கும் உருதுச் சேவை உண்டு. இது சந்தையைவிட ஒருபடி மேல். ஆனால் இங்கே அரசு பேசுகிறது, தொழிலாளி கேட்கிறார், அவ்வளவுதான்.

கிழக்கு ஜேர்மனியின் சோர்பியரைப் பாருங்கள். அவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்பது வழக்கமான மதிப்பீடு. விளம்பரதாரருக்கு இது ஒரு தொகையே அல்ல. இருந்தும் பவுட்சன், கோட்புஸ் நகரங்களிலிருந்து பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் அவர்கள் மொழியில் வானொலி நடத்துகின்றன. செலவை ஜேர்மனியின் வீடுகள் தோறும் அறவிடப்படும் ஒலிபரப்புக் கட்டணம் தாங்குகிறது. இதைவிட முக்கியமானது, அந்நிறுவனங்களின் ஒலிபரப்புச் சபைகளில் சோர்பியருக்கென ஆசனம் உண்டு. ‘ஏன் குறைத்தாய்?’ என்று உள்ளேயிருந்தே கேட்கலாம்.

நமது இலங்கை அனுபவமும் இதையே சொல்கிறது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்திற்குப் பின்னரும் கொழும்பின் தமிழ் ஒலிபரப்பு நிற்கவில்லை. மொழி நம்முடையதாயிருந்தது; எது செய்தி என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருந்தது.

இது வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30 தொடக்கம் 3 மணிவரை, நேரடி வெயிலில் வேலை வாங்குவது தடை. ஒருகாலத்தில் விரிவுரையாளனாயிருந்த நான் இன்று சார்ஜாவில் ஒரு தொழிற்சாலையில் கூரையின் கீழ் நிற்கிறேன். முற்றத்தில் லொறிக்குச் சரக்கேற்றும் தம்பிமாருக்கு இந்த விதி தெரியும். அது மீறப்பட்டால் யாரிடம், எப்படி முறையிடுவதென்பது தெரியாது. அதைத் தமிழில், நாள்தோறும், சலிக்காமல் சொல்வதே பொது ஒலிபரப்பின் வேலை. எந்த நகைக்கடையும் அதற்குப் பணம் தராது.

நாம் இங்கு பிரஜைகள் அல்லர். சபையில் ஆசனம் கேட்க முடியாது என்பது மெய்யே. ஆனால் நாம் அனுப்பும் பணத்தை அந்நியச் செலாவணியாக எண்ணிக்கொள்ளும் கொழும்பிடம் கேட்கலாம். அப்போது தமிழில் ஒரு மணிநேரம் மட்டும் போதுமென்று திருப்திப்படாமல், அந்த மணிநேரத்தில் என்ன சொல்வதென்று தீர்மானிக்கும் மேசையில் தொழிலாளர்களுக்கும் ஓர் ஆசனம் கேட்போம்.