இயந்திரத்துக்குத் தக்க டர்போ

மோட்டார்க் காரின் இயந்திரத்தைத் திருத்தி, அதன் வலிமையைப் பெருக்க விழையும் இளைஞர் இந்நாளிற் பலராவர். அவர்தம் உள்ளத்தில் முதற்கண் எழுவது, "எத்துணைப் பெரிய டர்போவைப் பொருத்தலாம்?" என்னும் வினாவேயாம். "இவ்வியந்திரத்துக்கு எந்த டர்போ தகும்?" என்பதன்றோ கேட்கத்தக்க வினா! இலக்கியம் பயிலும் நமக்கு இயந்திர ஆராய்ச்சி எற்றுக்கு என அன்பர் சிலர் நகைத்தலுங் கூடும். இடமறிந்து சொல்லைத் தேர்தல் போலவே, தேவையறிந்து கருவியைத் தேர்தலும் ஒரு கலையாதலின், அத்தேர்வின் நெறியை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

டர்போசார்ஜர் என்பது யாது? கொல்லன் துருத்தி ஊத உலைக்கனல் மிகுவதை யாவரும் அறிவர். மோட்டார் இயந்திரமும் ஓர் உலையே. அதனுள் மிகுதியான காற்றைப் புகுத்தினால் மிகுதியான பெட்ரோலை எரிக்கலாம். அதனால் வலிமையும் மிகும். டர்போ என்னும் துருத்தியை இயக்குவது வேறெதுவுமன்று; இயந்திரம் வெளியே தள்ளும் புகையே. ஓர் அச்சின் இருமுனைகளிலும் இரு சிறு சக்கரங்கள் உள. டர்பைன் எனப்படும் சக்கரத்தைப் புகை சுழற்றுகின்றது. கம்ப்ரஸர் எனப்படும் மற்றைச் சக்கரம் அதனோடு சுழன்று, வெளிக்காற்றை ஈர்த்து அமுக்கி இயந்திரத்துக்கு ஊட்டுகின்றது. அச்சோ நிமிடத்துக்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்லது.

ஸ்விட்சர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூஹி என்பார் 1905-ல் இக்கருத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1918-ல் ஸான்போர்டு மாஸ் என்னும் அமெரிக்கர், ஏறத்தாழ 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின்மேல் விமான இயந்திரம் ஒன்றில் டர்போவைப் பொருத்திச் சோதித்து, காற்று மெலிந்த உயரத்திலும் இயந்திரம் வலிமை குன்றாமையைக் காட்டினார். விற்பனைக்குரிய கார்களில் இக்கருவி இடம்பெற்றது 1962-ல் ஆகும்.

இனித் தேர்வின் முறைக்கு வருவோம். முதலாவது அறியவேண்டுவது இயந்திரத்தின் மூச்சளவு. 2 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரமாதலின், அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே தன் முழுக் கொள்ளளவுக் காற்றையும் உட்கொள்ளும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடுங்கால், வினாடிக்கு 100 லிட்டர் என்று கணக்காகும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கே உண்மையில் நிரம்புவதாகக் கொண்டால் 90 லிட்டர். 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள காற்று இவ்வளவு ஏறத்தாழ 105 கிராம் நிறையுடையது.

இக்காற்றை வெளியமுக்கத்தைப்போல் 1.7 மடங்காக அமுக்குவோமெனின், நிறையும் 1.7 மடங்காகும் என நினைத்தல் வேண்டா. அமுக்கப்பட்ட காற்றுச் சூடேறும், சூடேறியது விரியும். திறமையுள்ள கம்ப்ரஸரிலும் 30 டிகிரிக் காற்று ஏறத்தாழ 100 டிகிரியாகிவிடும். இண்டர்கூலர் என்னும் குளிர்விப்பானின் வழியே செலுத்தி அதனை 50 டிகிரிக்கு இறக்கினால், நிறை ஏறத்தாழ 1.6 மடங்காகும், அஃதாவது வினாடிக்கு 168 கிராம், நிமிடத்துக்கு 22 பவுண்டு. பெட்ரோல் இயந்திரத்தில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டுக் காற்று ஏறத்தாழப் பத்துக் குதிரை சக்தி தரும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. எனவே, நாம் நாடத்தக்கது 220 குதிரை சக்தியளவே எனத் தெளியலாம்.

இரண்டாவதாக, கம்ப்ரஸர் வரைபடத்தைக் காணல் வேண்டும். காற்றின் நிறை கிடைக்கோட்டிலும், அமுக்க விகிதம் நிலைக்கோட்டிலும் குறிக்கப்பெற்றிருக்கும். நடுவே திறமை மிக்க பகுதி, தீவுபோல் வளைகோடுகளால் காட்டப்படும். இடப்புறத்தெல்லை சர்ஜ் எனப்படும்; அதனைக் கடந்தால் காற்று முன்செல்லாது பின்வாங்கிப் படபடத்து, அச்சினைத் தாங்கும் பேரிங்குகளைக் கெடுக்கும். வலப்புறத்தெல்லையைக் கடந்தாலோ, காற்றுப் பெருகாது, சூடு மட்டுமே பெருகும். 6,000 சுற்றுக்குரிய 22 பவுண்டை மட்டும் குறித்தல் போதாது; 3,000 சுற்றில் அதே அமுக்கத்தில் வேண்டப்படும் 11 பவுண்டையும் குறித்தல் வேண்டும். இருபுள்ளிகளும் எல்லைக்குள் அமைவதே தக்க கம்ப்ரஸர். மிகப் பெரியதைக் கொண்டால் இரண்டாம் புள்ளி சர்ஜ் எல்லைக்கு அப்பால் வீழும்.

மூன்றாவது, டர்பைனின் கூடு. அதன் புகைவழி குறுகியதாயின் புகை விரைந்து பாய்ந்து சக்கரத்தை விரைவிற் சுழற்றும். ஆயின் வேகம் மிகுங்கால் புகை வெளியேற வழியின்றி இயந்திரம் திணறும். அகன்றதாயின், உச்ச வேகத்தில் நன்மை உண்டு. தாழ்ந்த வேகத்திலோ மிதியை அழுத்தியும் வலிமை வரத் தாமதமாகும். இத்தாமதத்தையே டர்போ லேக் என்பர்.

இவ்வுண்மையை விளக்கும் சான்று ஸ்வீடன் தேசத்தில் உளது. 1974-ல் ஜெர்மானியப் போர்ஷே கம்பெனியார் காட்சிக்கு வைத்த 911 டர்போ, 260 குதிரை சக்தி உடையதாயினும், தாமதித்துத் திடீரென எழும் வலிமையால் ஓட்டுநரைத் திகைக்கச் செய்தது. ஸ்வீடனின் ஸாப் கம்பெனியைச் சார்ந்த பெர் கில்பிராண்ட் முதலிய வல்லுநரோ, அன்றாடப் பயணத்துக்கு உதவுவதையே குறிக்கோளாகக் கொண்டனர். எனவே சிறிய டர்போவைத் தேர்ந்தனர். அமுக்கம் எல்லை மீறாவண்ணம், மிகுந்த புகையை டர்பைனுக்குச் செல்லாது விலக்கும் வேஸ்ட்கேட் என்னும் மடையையும் அமைத்தனர். 1977-ல் காட்சிக்கு வந்த ஸாப் 99 டர்போவின் 2 லிட்டர் இயந்திரம் 145 குதிரை சக்தியே தந்தது. ஆயினும் அதன் முறுக்கு விசை 3,000 சுற்றிலேயே உச்சமடைந்தது. மலைச்சாலையில் ஏறுவார்க்கும், முன்செல்லும் வண்டியைக் கடப்பார்க்கும் வேண்டுவது அவ்வலிமையன்றோ?

நான்காவது, இயந்திரத்தின் தாங்கும் திறன். பிஸ்டன் ஏற்கெனவே காற்றைப் பெரிதும் அமுக்குவதாயின், டர்போவும் அமுக்க, பெட்ரோல் உரிய காலத்துக்கு முன்னரே வெடித்து நாக்கிங் உண்டாகும். பிஸ்டன் துளைபடவும் கூடும். ஆதலின் உள்ளமுக்க விகிதம், பெட்ரோலின் தரம், எரிபொருள் அளவு, தீப்பொறியின் நேரம், எண்ணெய் ஓட்டம், பிரேக் ஆகிய அனைத்தையும் புதிய வலிமைக்கு ஏற்பத் திருத்தல் வேண்டும். வலிமையைப் பெருக்கி நிறுத்தும் ஆற்றலைப் பெருக்காதவன், தன் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைப்பவனாவான்.

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். கடையிற் பெரிதாய் மின்னும் டர்போவைக் கண்டு மயங்காது, தாம் செல்லும் சாலை யாது, தம் இயந்திரத்தின் மூச்சளவு யாது என்று காகிதத்திற் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே பணப்பையைத் திறத்தல் அறிவுடையார் செயலாம்.