சாமி தூக்க ஆள் போதவில்லை... ஜப்பானின் இலையுதிர்காலத் திருவிழாக்களில் என்ன நடக்கிறது? போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜப்பானில் செப்டம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் போதும், ஏதாவது ஒரு தெருவில் மேளமும் புல்லாங்குழலும் கேட்க ஆரம்பித்துவிடும். வீட்டு வாசல்களில் காகித விளக்குகள் தொங்கும். ஒரே மாதிரி சட்டை போட்ட இருபது முப்பது பேர், மரத்தால் செய்த சின்னக் கோயில் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, "வஷ்ஷோய், வஷ்ஷோய்" என்று கத்திக்கொண்டே வருவார்கள்.

இதுதான் 'அகி மட்சுரி'. அகி என்றால் இலையுதிர்காலம், மட்சுரி என்றால் திருவிழா.

சுற்றுலாப் பயணிகளுக்கு இது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் பல ஊர்களில், 'அடுத்த வருஷம் தூக்க ஆள் இருக்குமா?' என்பதே இன்று பெரிய கேள்வி.

இலையுதிர்காலத்தில் ஏன்?

காரணம் நெல். இலையுதிர்காலம் அங்கே அறுவடைக் காலம். விளைச்சல் கொடுத்த தெய்வத்துக்கு நன்றி சொல்வதுதான் இந்தத் திருவிழாக்களின் அடிப்படை. நவம்பர் 23 அன்று பேரரசரே புது அரிசியைத் தெய்வங்களுக்குப் படைக்கும் சடங்கு உண்டு. அந்த நாள்தான் 1948 முதல் 'உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள்' என்ற பெயரில் அரசு விடுமுறையாக இருக்கிறது.

ஜப்பானில் சுமார் 80 ஆயிரம் ஷின்டோ கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. அதற்குப் பெயர் 'உஜிகாமி'. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் 'உஜிகோ', அதாவது அந்தத் தெய்வத்தின் பிள்ளைகள். செலவு, வேலை, பாதுகாப்பு எல்லாமே பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைப் பலகையில் வரிசையாக மாட்டிவைக்கும் வழக்கமும் உண்டு.

திருவிழாவில் என்ன நடக்கும்?

தோளில் வரும் அந்தச் சின்னக் கோயிலுக்குப் பெயர் 'மிகோஷி'. சடங்கு செய்து தெய்வத்தை அதில் எழுந்தருளச் செய்வார்கள். பிறகு தெருத்தெருவாக ஊர்வலம். வருஷம் முழுக்கக் கோயிலுக்குள் இருக்கும் தெய்வம், தன் மக்கள் வாழும் இடத்தைப் பார்க்க வருகிறது என்பது நம்பிக்கை. அதனால்தான் மாடியில் நின்று மிகோஷியைக் குனிந்து பார்ப்பதைப் பெரியவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்.

மிகோஷியை ஆட்டி, குலுக்கித்தான் தூக்குவார்கள். குலுக்கினால் தெய்வத்தின் சக்தி கூடும் என்பது நம்பிக்கை. பெரிய மிகோஷிகள் ஒரு டன்னைத் தாண்டும். முன்பு பல ஊர்களில் பெண்கள் தூக்க அனுமதி இல்லை. இப்போது பல இடங்களில் அவர்களும் தோள் கொடுக்கிறார்கள்.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரியா?

இல்லை. ஊருக்கு ஊர் மாறும்.

கிஷிவாடா: ஒசாகா மாகாணத்தில் இருக்கும் இந்த ஊரில் செப்டம்பரில் 'டான்ஜிரி' என்ற மரத் தேர்களை இழுப்பார்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 டன். நூற்றுக்கணக்கானோர் இழுத்துக்கொண்டு ஓட, கூரை மேல் ஒருவர் நின்று ஆடுவார். தெருமுனையில் வேகம் குறையாமல் திருப்புவதுதான் ஹைலைட். இதில் விபத்துகளும் நடந்திருக்கின்றன.

நாகசாகி: அக்டோபர் 7 முதல் 9 வரை 'குன்சி' திருவிழா. இங்கே பகுதிகள் முறை போட்டுக்கொள்கின்றன. ஒரு பகுதிக்கு ஆடும் வாய்ப்பு 7 வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்.

டகாயாமா: அக்டோபர் 9, 10 தேதிகளில் 11 அலங்காரத் தேர்களைப் பார்க்கலாம். மழை பெய்தால் தேர்கள் வெளியே வராது.

ஹிமேஜி: அக்டோபர் 14, 15 தேதிகளில் 'சண்டைத் திருவிழா'. மூன்று மிகோஷிகளை வேண்டுமென்றே ஒன்றோடொன்று மோதவிடுவார்கள்.

இப்போது என்ன பிரச்சினை?

இவை பேர் பெற்ற விழாக்கள், கூட்டம் தானாக வரும். சிக்கல் சின்னச் சின்ன ஊர்க் கோயில்களுக்குத்தான். ஜப்பானில் 10 பேரில் கிட்டத்தட்ட 3 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மிகோஷி இருக்கிறது, மேளம் இருக்கிறது, தோள்தான் இல்லை.

இதனால் சில ஊர்களில் மிகோஷியை வண்டியில் ஏற்றி வலம் வருகிறார்கள். பல ஊர்கள் திருவிழா தேதியை வார இறுதிக்கு மாற்றிவிட்டன. வெளியூர் ஆட்களையும் மாணவர்களையும் துணைக்குக் கூப்பிடும் ஊர்களும் உண்டு.

அப்படியும் முடியாமல் நின்றுபோன விழாக்கள் இருக்கின்றன. இவாத்தே மாகாணத்தின் கொகுசெகிஜி என்ற புத்தக் கோயிலில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்ததாகச் சொல்லப்படும் 'சோமின்சாய்' என்ற குளிர்கால விழா, 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. முக்கியக் காரணம், பொறுப்பாளர்களுக்கு வயதாகிவிட்டது, அடுத்து எடுத்து நடத்த ஆள் இல்லை.

சரி, போனால் என்ன செய்யணும்?

* கோயில் முகப்பில் இருக்கும் 'டோரி' வளைவுக்கு முன் லேசாகத் தலை வணங்குங்கள். நடுப்பாதை தெய்வத்துக்கானது என்பதால் ஓரமாக நடங்கள்.

* தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடது கை, பிறகு வலது கை, அப்புறம் இடது கையில் தண்ணீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையை நேராக வாயில் வைக்கக் கூடாது.

* சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒருமுறை குனிவது பொது வழக்கம். 5 யென் நாணயம் போடுவது விசேஷம். 'கோஎன்' என்றால் 5 யென், 'நல்ல உறவு' என்றும் பொருள் வரும்.

* தேர் திரும்பும் தெருமுனையில் நிற்காதீர்கள். போட்டோவுக்காக ஊர்வலத்தின் குறுக்கே போகாதீர்கள்.

* கடைகளில் டகோயாகி, யாகிசோபா கிடைக்கும். டகோயாகியில் இருப்பது ஆக்டோபஸ், யாகிசோபாவில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள். சில்லறை கையில் இருக்கட்டும், குப்பையை உங்களோடு எடுத்துப் போங்கள்.

சின்னத் திருவிழாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாத் திருவிழாவும் இணையத்தில் இருக்காது. தெரு அறிவிப்புப் பலகை, கோயில் வாசலில் நட்ட நீளக் கொடிகள், வரிசையாகத் தொங்கும் விளக்குகள் ஆகியவைதான் அடையாளம். அக்டோபர் இரண்டாம் திங்கள்கிழமை விளையாட்டு தின விடுமுறை. அதையொட்டி வரும் வார இறுதியில் பல ஊர்களில் விழா நடக்கும்.

கூப்பிடாமல் மிகோஷியைத் தொடக் கூடாது. ஆனால் யாராவது 'ஹப்பி' சட்டையை நீட்டி, "வாங்க, ஒரு கை பிடிங்க" என்று ஜாடை காட்டினால் தயங்க வேண்டாம். அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். உயரம் ஒத்துவராவிட்டால் பாரம் ஒருவர் மேலேயே விழும். ஆள் குறைந்த ஊர்களில், அந்த ஒரு தோளும் அவர்களுக்குப் பெரிய உதவிதான்.