கல் விடும் வாயுவும் சுவர் திரும்ப வாங்கும் பங்கும்

சிமென்ட் ஆலை வெளியேற்றும் கரியமில வாயு என்றதும் புகைபோக்கியும் நிலக்கரியும்தான் நினைவுக்கு வருகின்றன என்றாலும், அவ்வாயுவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு எரிபொருளிலிருந்து வருவதன்று, சுண்ணாம்புக்கல்லின் உள்ளேயிருந்தே வருவது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்ச, மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்து போகிறது. எஞ்சிய சுண்ணாம்பு களிமண்ணோடு ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கூடி உருண்டைகளாகத் திரள்வதைக் ‘கிளிங்கர்’ என்பர். அதைச் சிறிது ஜிப்சத்துடன் அரைத்த மாவே சிமென்ட். புதுச்சேரியின் உழவர்கரையில் மாடி எழுப்பும் வீட்டு வாசலில் அடுக்கப்படும் 50 கிலோ சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு, எரிபொருள் கணக்கைச் சேர்க்காமலே, கல் மட்டும் விட்ட வாயு ஏறக்குறைய 25 கிலோ. உலை முழுவதையும் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 25 கிலோ குறையாது என்பதால்தான், வாயுவை வெளியேறும் வழியிலேயே மறித்துப் பிடிக்கும் தொழில்நுட்பம் மற்ற பல தொழில்களைவிடச் சிமென்டுக்கு இன்றியமையாததாகிறது.

தமிழ்நாட்டுச் சிமென்டின் களமான அரியலூர், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்த நிலம். அக்கடலின் உயிர்கள் தம் ஓடுகளில் சேர்த்துவைத்த சுண்ணாம்பே அங்கு வெட்டப்படுகிறது. அதே காலத்துக் கடற்படிவுகள் உழவர்கரைக்கு வடமேற்கே வழுதாவூர்ப் பக்கத்திலும் உள்ளன. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லில் உறங்கிய வாயு, உலைக்குள் சென்ற ஒரு மணி நேரத்துக்குள் காற்றுக்கு வந்துவிடுகிறது.

இவ்வாயுவைப் பிடிக்கும் முறைகளில் நன்கு தேறியது ‘அமீன்’ முறை. அமீன் என்பது அமோனியாவின் வழிவந்த ஒரு சேர்மம். அதன் கரைசல் உயர்ந்த கோபுரத்தின் மேலிருந்து வழிய, குளிர்விக்கப்பட்ட புகை கீழிருந்து ஏறிவர, கரைசல் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. பின்னர் அக்கரைசலை வேறொரு கலத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடுகிறது. தரை துடைக்கும் துணியைப் பிழிந்து மறுபடி தரையில் போடுவதைப்போல, அதே கரைசல் மீண்டும் கோபுரத்துக்குப் போகிறது. இம்முறையில் பெருஞ்செலவு இந்தப் பிழிதலில்தான் இருக்கிறது. நார்வேயின் பிரேவிக் நகரில் ஹைடல்பர்க் நிறுவனம் 2025 ஜூனில் திறந்த, சிமென்ட் தொழிலில் வாயுவைப் பிடித்து அடக்கிவைப்பதற்கான முதல் பெரிய ஆலை, ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் திறன் கொண்டதாயினும், அது அவ்வாலை வெளியிடும் வாயுவில் ஏறத்தாழப் பாதியே. உலையின் கழிவு வெப்பம் அதற்குமேல் போதவில்லை. பிடித்த வாயு திரவமாக்கப்பட்டுக் கப்பலேறி, பின் குழாய் வழியே சென்று, கடலடிக்குக் கீழே 2600 மீட்டர் ஆழத்துப் பாறையில் செலுத்தப்படுகிறது.

அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலை அமைப்பதாக டால்மியா சிமென்ட் 2019இலேயே அறிவித்தது. அதற்குமுன் தூத்துக்குடியில், சிமென்ட் உலையிலன்றி நிலக்கரிக் கொதிகலன் ஒன்றில் பிடித்த வாயுவைக் கொண்டு சலவைச் சோடா தயாரிக்கப்பட்டுப் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் அந்தச் சோடா கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடியும் வெளியேறிவிடும். பயன்படுத்துவது வேறு, அடக்கிவைப்பது வேறு என்பது இத்துறை விளம்பரங்களில் அடிக்கடி மறைந்துபோகிறது. 2025 மே மாதம் ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, சிமென்ட் ஆலைகளோடு இணைந்த ஐந்து சோதனைக் களங்களை அறிவித்தது. ஐந்தும் சோதனை அளவிலானவை.

இனி, நூல்கள் ஓரிரு வரியில் கடந்துபோகும் ஒரு விந்தை உண்டு. வெற்றிலைக்கு வைத்த சுண்ணாம்பை மூடாமல் விட்டால் மேலே ஏடு படிகிறது அல்லவா, அந்த ஏடு மீண்டும் சுண்ணாம்புக்கல்லே. சூளையில் விட்ட வாயுவைக் காற்றிலிருந்து சுண்ணாம்பு திரும்ப எடுத்துக்கொள்வதன் அடையாளம் அது. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு வீதிகளில் சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள் இறுகியதும் இவ்வாறே. கான்கிரீட்டும் இதைச் செய்கிறது, ஆனால் மிக மெதுவாக. உடைத்த கான்கிரீட்டின் புது முகத்தில், பள்ளி ஆய்வுக்கூடத்து பினாப்தலின் கரைசலைத் தெளித்தால் உட்பகுதி பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாற, வெளி விளிம்பில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் நிறமற்ற பட்டை நிற்கும். காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் காரத்தன்மை இழந்த பகுதி அது. 1930 முதல் 2013 வரை சிமென்டுக்காகக் கல் விட்ட வாயுவில் ஏறத்தாழ 43 விழுக்காட்டைச் சிமென்ட் பொருள்களே திரும்ப உறிஞ்சிக்கொண்டன என்றும், அதில் மெல்லிய பூச்சுக் கலவையின் பங்கே பெரிது என்றும் 2016இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிடவும் முடியாது. அந்த நிறமற்ற பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால், காரத்தின் காவலை இழந்த கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். உப்புக்காற்று வீசும் புதுச்சேரியில் இந்தத் துரு இன்னும் விரைவு. கம்பிக்கும் வார்ப்புப் பலகைக்கும் இடையே இடைவெளி காக்கும் கவர் பிளாக் வைக்காமல் கையில் கிடைத்த ஜல்லியைச் சொருகும் வழக்கம், கட்டடத்தின் ஆயுளைக் குறைத்து, அடுத்த தலைமுறையைப் புதுச் சிமென்ட் வாங்க வைக்கிறது.

ஆகவே கட்டடம் நிற்கும் காலத்தில் கம்பியைக் காக்க வாயுவைத் தடுப்பதும், இடித்தபின் அதே வாயுவை வரவேற்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. கம்பி நீக்கிய கான்கிரீட்டைச் சிறு ஜல்லியாக உடைத்தால் காற்றுபடும் பரப்பு பன்மடங்காகி, பல பத்தாண்டுகள் சுவர் செய்யாததை அது விரைவில் செய்துவிடும். வாயு பிடிக்கும் பல கோடி ரூபாய்க் கோபுரங்களைப் பற்றி மாநாடு கூட்டும் நாட்டில், இந்த எளிய பொருள் மண்ணும் பிளாஸ்டிக்கும் கலந்து ஏரிக்கரையிலும் பள்ளத்திலும் காற்றுபடாமல் புதைக்கப்படுகிறது. இடிபாட்டில் கான்கிரீட்டையும் மண்ணையும் தனித்தனியே பிரிக்க வேண்டியது அதை உண்டாக்கியவரின் பொறுப்பு என்று, 2016இல் வெளியான கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன.