ஓடிய கோடு ஏன் கோணுகிறது?

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலைப் பாலத்தின் அடியில் நேராகத்தான் ஓடியிருப்பீர்கள். போன் வரைபடத்தில் கோடு பக்கத்து மனைக்குள் புகுந்து திரும்பும். ஏன்? சுமார் 20,200 கி.மீ. உயரத்திலுள்ள ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்தே போன் இடத்தைக் கணிக்கிறது. கான்கிரீட்டில் பட்டுத் தெறித்த சிக்னல் தாமதமாகும். நொடியில் கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரக் கணக்கு 30 மீட்டர் தவறும்.

2000 மே வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்தது. அதை நிறுத்திய ஆண்டிலேயே ஜெரமி வுட் என்ற கலைஞர், போன வழியின் கோட்டாலேயே வரைபடத்தில் உருவம் வரையும் ஜி.பி.எஸ். ஓவியத்தைத் தொடங்கினார். யாசுஷி தகாஹாஷி என்பவர் அப்படியே ஜப்பான் நெடுக 7,000 கி.மீ.க்கு மேல் சுற்றி, ‘என்னை மணந்துகொள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். (பெண் சம்மதித்தார்!) அவ்வளவு பெரிய எழுத்தில் 30 மீட்டர் தெரியவே தெரியாது. நாலு தெருவுக்குள் மயில் வரைபவருக்கோ தோகையே கோணிவிடும்.